ஐரிஷ்காரர்களின் குழாயடி அரசியல்

அயர்லாந்துக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு அங்கே பேசும் ஆங்கிலம் சீக்கிரம் பழகிவிடும். பேச்சு பழகத்தான் நாளாகும். அலுவலகத்தில் தேநீர் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தன் ஊர்ச் சாலையில் விழுந்திருக்கும் பள்ளத்தைப் பற்றி ஆரம்பிப்பார். பள்ளத்திலிருந்து தொகுதி உறுப்பினருக்குத் தாவுவார். உறுப்பினரிடமிருந்து அவருடைய அப்பாவுக்கு, அப்பா அந்தக் காலத்தில் எந்த அணிக்கு ஆடினார் என்பதற்கு, அந்த அணி போன ஞாயிற்றுக்கிழமை தோற்றதற்கு யார் காரணம் என்பதற்கு என்று போய்க்கொண்டே இருக்கும். நடுவில், அணியின் நல்ல ஆட்டக்காரப் பையன் ஒருவன் வேலை தேடி ஆஸ்திரேலியா போய்விட்ட வருத்தமும் வந்துபோகும். அரசியல், வேலை, விளையாட்டு என்று நாம் மூன்று விஷயங்களைக் கேட்டோம் என்று நினைப்போம். அவர் பேசியது ஒரே விஷயம்தான்: ஊர்.

இந்த மனப்போக்குக்கு அங்கே 'பாரிஷ் பம்ப்' என்று பெயர். பாரிஷ் என்பது கத்தோலிக்கத் தமிழர்கள் 'பங்கு' என்று சொல்வார்களே, அதுதான்: ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த குடும்பங்களும். பம்ப் என்பது அந்தப் பங்கு மக்கள் தண்ணீர் பிடிக்கும் பொதுக் குழாய். ஆக, நம் குழாயடிச் சண்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் இது. நாட்டுக்கே பெரிய பிரச்சினை இருக்கும்போது ஊர்க் குழாயைப் பிடித்துத் தொங்குகிறார்கள் என்று படித்தவர்கள் இளக்காரமாகச் சொல்ல உண்டான சொல். எனக்கு அந்த இளக்காரத்தில் உடன்பாடு இல்லை. அவர்களுடைய தேர்தல் முறையைத் தெரிந்துகொண்டால், குழாயடியில் போய் நிற்கிற அரசியல்வாதிதான் கணக்குத் தெரிந்தவர் என்பது புரியும்.

அதற்கு முன்னால் இரண்டு அளவுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னது பங்கு. பெரியது கவுன்டி, நம் மாவட்டம் மாதிரி. தீவு முழுவதும் 32 கவுன்டிகள்; 26 அயர்லாந்துக் குடியரசில், 6 பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்தில். இந்தக் கவுன்டி எல்லைகளைப் போட்டது ஆங்கிலேய நிர்வாகம், வரியும் நீதியும் நடத்துவதற்காக. அந்நியன் போட்ட கோட்டுக்காக இன்று அண்ணன் தம்பி மாதிரி பழகுகிறவர்கள் கூட ஞாயிற்றுக்கிழமை முறைத்துக்கொள்கிறார்கள்.

ஒரே கட்சிக்காரர்தான் பெரிய எதிரி

ஐரிஷ் தேர்தலில் வாக்குச்சீட்டில் முத்திரை குத்துவது கிடையாது. வேட்பாளர் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். ஒற்றை மாற்று வாக்கு என்று இதற்குப் பெயர். நம் மாநிலங்களவைக்கு எம்.எல்.ஏ.க்கள் வாக்களிப்பதும் இதே முறையில்தான். அயர்லாந்தில் சாதாரணக் குடிமகனே இப்படி வாக்களிக்கிறான், அதுவும் 1920-களிலிருந்து.

ஒரு தொகுதிக்கு ஒரு உறுப்பினர் அல்ல. மூன்று, நான்கு அல்லது ஐந்து பேர். 2024 நவம்பர் தேர்தலில் 43 தொகுதிகளிலிருந்து 174 பேர் கீழவைக்கு வந்தார்கள். இவர்களைத்தான் 'டி.டி.' என்கிறார்கள். ஐந்து இடங்கள் உள்ள தொகுதியில் 60,000 செல்லுபடியான வாக்குகள் விழுந்தன என்று வைத்துக்கொள்வோம். இடங்களோடு ஒன்றைக் கூட்டி ஆறால் வகுத்தால் 10,000. அதோடு ஒன்று சேர்த்து 10,001. இதுதான் ஜெயிக்கத் தேவையான அளவு. இந்த எண்ணை ஐந்து பேர் தாண்டலாம், ஆறாவது ஆள் தாண்ட வழியே கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

யாராவது 12,000 வாங்கிவிட்டால், தேவைக்கு மேல் உள்ள வாக்குகள் அந்தச் சீட்டுகளில் 2 என்று எழுதப்பட்டவர்களுக்கு விகிதப்படி போகும். தாண்டியவர் யாரும் இல்லையென்றால் கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். இப்படிச் சுற்றுச் சுற்றாக எண்ணி முடிக்க இரண்டு மூன்று நாள்கூட ஆகும். 'எனக்கு முதல் வாக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டாவதாவது போடுங்கள்' என்று வேட்பாளர் வாசலில் நின்று கேட்பது இதனால்தான். எதிர்க்கட்சிக்காரர் வீட்டிலும் மரியாதையாகத்தான் பேசியாக வேண்டும். அந்த வீட்டின் மூன்றாவது விருப்பம் ஒருநாள் அவரைக் கரையேற்றலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஐந்து இடத் தொகுதியில் ஒரு பெரிய கட்சி இரண்டு மூன்று பேரை நிறுத்தும். கட்சிக்கு விழும் வாக்கில் இருவர்தான் தேறுவார்கள் என்றால், மூன்றாமவருக்கு யார் எதிரி? எதிர்க்கட்சியா? சொந்தக் கட்சிக்காரர்தான். கொள்கையிலே இருவருக்கும் வித்தியாசம் காட்ட முடியாது, ஒரே அறிக்கைதானே. வித்தியாசம் காட்ட மிச்சம் இருப்பது ஒன்றுதான்: உங்கள் பாட்டிக்கு மருத்துவ அட்டை வாங்கிக் கொடுத்தது யார், உங்கள் தெருவுக்கு விளக்கு போட வைத்தது யார், உங்கள் வீட்டுச் சாவுக்கு வந்து நின்றது யார். சாவு வீடு என்று சும்மா சொல்லவில்லை. இறுதிச் சடங்குகளுக்குத் தவறாமல் போவது ஐரிஷ் கிராமப்புற அரசியலில் பாதி வேலை.

காலங்காலமாகப் பெரிய கட்சிகள் இரண்டு, ஃபியன்னா ஃபாயிலும் ஃபைன் கேலும். 1921-ல் பிரிட்டனோடு செய்த உடன்படிக்கையை ஏற்பதா மறுப்பதா என்று 1922–23 உள்நாட்டுப் போரில் எதிரெதிரே நின்றவர்களின் வாரிசுகள். நூறு வருடம் கழித்து இரண்டுக்கும் வித்தியாசம் கேட்டால், பலர் தாத்தா எந்தப் பக்கம் நின்றார் என்பதைத்தான் சொல்வார்கள். 2020-ல் இரண்டும் கூட்டணி வைத்தே ஆட்சி அமைத்துவிட்டன. கொள்கைச் சண்டை இப்படி மங்கிப்போன இடத்தில் பள்ளமும் தெருவிளக்கும் பெரிதாகத் தெரிவதில் என்ன ஆச்சரியம்?

வாக்கு எண்ணும் மண்டபத்தில் ஒரு காட்சி உண்டு, எனக்குப் பிடித்தது. பெட்டிகளைத் திறந்து சீட்டுகளைப் பிரிக்கும்போது, தடுப்புக்கு வெளியே கட்சிக்காரர்கள் எட்டிப் பார்த்தபடி ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வருவார்கள். இவர்களுக்கு 'டாலி' ஆட்கள் என்று பெயர். எந்தப் பெட்டி எந்த ஊருடையது என்று தெரியும், அதனால் எந்த ஊர் யாருக்கு எவ்வளவு போட்டது என்பதும் மதியத்துக்குள் தெரிந்துவிடும். அடுத்த ஐந்து வருடம் எந்த ஊரில் அதிகம் தலைகாட்ட வேண்டும் என்பதற்கு அந்தக் காகிதம்தான் பஞ்சாங்கம். இதை ஒழித்துவிட்டு மின்னணு இயந்திரம் கொண்டுவர 2000-களின் தொடக்கத்தில் முயன்றார்கள். 2002 பொதுத்தேர்தலில் மூன்று தொகுதிகளில் வைத்தும் பார்த்தார்கள். நம்பகத்தன்மை பற்றிய கேள்விகள் தீரவில்லை. 5 கோடி யூரோவுக்கு மேல் கொட்டி வாங்கிய இயந்திரங்களைக் கடைசியில் 2012-ல் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அரசாங்கம் காசை வீணாக்குகிறது என்று பேச்சு எழும்போதெல்லாம் பல வருடம் இந்த இயந்திரங்கள்தான் உதாரணம். இப்போது அந்த இடத்தைச் சைக்கிள் கொட்டகை பிடித்துவிட்டது: நாடாளுமன்ற வளாகத்தில் 36 சைக்கிள்கள் நிறுத்த ஒரு கொட்டகை, செலவு சுமார் 3,36,000 யூரோ. 2024-ல் இந்தச் செய்தி வந்த பிறகு, எந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசினாலும் யாராவது ஒருவர் கொட்டகையை இழுக்காமல் விடுவதில்லை.

பொதுமக்கள் இந்த வாக்கு முறையில் சலித்துப்போயிருப்பார்கள் என்று நினைத்து, ஃபியன்னா ஃபாயில் அரசு 1959-லும் 1968-லும் அதை மாற்ற மக்களிடம் பொது வாக்கெடுப்பு நடத்தியது. இரண்டு தடவையும் மக்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

கவுன்சிலருக்கு வேலை இல்லை, அதனால் டி.டி.க்கு வேலை

தொகுதிகளில் டி.டி.க்கள் 'கிளினிக்' நடத்துவார்கள். ஊசி போட அல்ல; குறை கேட்க. ஊர்ச் சமூகக் கூடம், ஓட்டலின் பின்னறை, சில இடங்களில் மதுக்கடையின் ஒரு மூலை. வீட்டு வரிசையில் பெயர் நகரவில்லை, வீடு கட்ட அனுமதி கிடைக்கவில்லை, பாஸ்போர்ட் வரவில்லை என்று ஒவ்வொருவராக வருவார்கள். பெரும்பாலும் டி.டி. செய்வது ஒரு கடிதம் எழுதுவது. சட்டப்படி கிடைக்க வேண்டியது எப்படியும் கிடைக்கும். ஆனால் 'உங்கள் விஷயமாகத் துறைக்கு எழுதினேன், அனுமதி வந்துவிட்டது' என்று ஒரு தகவல் வீட்டுக்கு வந்தால், அனுமதியைத் தந்தவர் யார் என்று குடும்பம் நினைக்கும்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இந்த வித்தையில் கைதேர்ந்தவரை அங்கே பாதி திட்டாகவும் பாதி பாராட்டாகவும் 'க்யூட் ஹூர்' என்பார்கள். 'பலே ஆள்' என்று நாம் இழுத்துச் சொல்வோமே, அந்தத் தொனி.

இதெல்லாம் உள்ளூராட்சியின் வேலையல்லவா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 31 உள்ளாட்சி மன்றங்கள், 949 கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். ஆனால் பள்ளிக்கூடம், காவல்துறை, மருத்துவமனை எதுவும் அவர்கள் கையில் இல்லை; எல்லாம் டப்ளின். சாலை, வீட்டு வசதி, நூலகம், பூங்கா போன்றவை உண்டு என்றாலும், அன்றாட முடிவுகளை எடுப்பது தேர்ந்தெடுக்கப்படாத தலைமை நிர்வாகி. 2014-ல் 80 நகர மன்றங்களை மொத்தமாகக் கலைத்தும்விட்டார்கள். லிமரிக் நகரும் கவுன்டியும் மட்டும் 2024-ல் தங்கள் மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தன. நாட்டிலேயே முதல் தடவை. அதிகாரம் இப்படி மேலே குவிந்திருப்பதால், குழாய் ரிப்பேருக்கும் மக்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடமே போகிறார்கள். நாட்டுக்குச் சட்டம் இயற்ற வேண்டியவர் குழாய் பார்க்கிறாரே என்று அப்புறம் அதே மக்கள் அலுத்தும்கொள்கிறார்கள்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். சபை இரண்டுபட்டால் சுயேச்சைக்கு. 1982-ல் சார்ல்ஸ் ஹாஹிக்குப் பிரதமராக ஆதரவு தேவைப்பட்டது. டப்ளின் நடுநகரின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த டோனி கிரகரி என்ற சுயேச்சை, கழுத்துப்பட்டி கட்டாமலே சபைக்கு வந்தவர், தன் பகுதிக்கு வீடுகள், வேலைகள் என்று நீண்ட பட்டியலை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் கையைத் தூக்கினார். ஒளிவுமறைவில்லாமல் பட்டியலைச் சபையில் வாசிக்கவும் செய்தார். அந்த ஆட்சி அதே வருடம் கவிழ்ந்தது வேறு விஷயம். 1997-ல் கெர்ரி கவுன்டியிலிருந்து தொப்பியோடு வந்த ஜாக்கி ஹீலி-ரே அதே மாதிரி ஒரு சிறுபான்மை அரசுக்கு ஆதரவு கொடுத்துத் தன் ஊருக்குச் சாலைகள் வாங்கினார். 2016-ல் அவருடைய மகன்கள் டேனி, மைக்கேல் இருவருமே ஒரே தொகுதியில் சுயேச்சையாக ஜெயித்தார்கள். 2025-ல் மைக்கேல் இணையமைச்சரும் ஆகிவிட்டார். டப்ளினில் இந்தக் குடும்பத்தைக் கேலி செய்யாத ஆள் குறைவு. கெர்ரியில் கேட்டால், 'போன் போட்டால் எடுக்கிறார்கள்' என்பார்கள். அதற்கு மேல் வாதம் இல்லை.

எப்போதாவது குழாய் நிஜமாகவே குழாயாகிவிடும். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு வீட்டுத் தண்ணீருக்கு மீட்டர் வைத்துக் கட்டணம் வசூலிக்க அரசு முடிவெடுத்தது. வங்கிகளைக் காப்பாற்ற வரி கட்டியதையும் சம்பளம் குறைந்ததையும் பொறுத்துக்கொண்ட ஜனங்கள் இதைப் பொறுக்கவில்லை. 2014-ல் ஊர் ஊராகத் தெருவில் இறங்கி, மீட்டர் பதிக்க வந்தவர்களை மறித்தார்கள். 2016 தேர்தலுக்குப் பிறகு கட்டணம் நிறுத்தப்பட்டது. கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பியும் கொடுத்தார்கள்.

வேலை எந்த ஊரில்?

வேலையைப் பற்றிய ஐரிஷ் பேச்சில் சம்பளம் கடைசியில்தான் வரும். நேரடியாகக் கேட்பது நாகரிகமும் இல்லை. முதலில் வருவது: நிரந்தரமா, ஓய்வூதியம் உண்டா. கால் காசானாலும் கவர்மென்ட் காசு என்று நம் பாட்டிகள் சொன்னதை அங்கே உள்ள பாட்டிகளும் நம்பினார்கள். ஆசிரியர், காவலர், நர்ஸ், அரசு எழுத்தர் என்றால் ஊரில் மதிப்பு. இன்று அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கிறது, காரணம் வீட்டு வாடகை. டப்ளினில் வேலை கிடைத்த இளம் ஆசிரியை அங்கே தங்க முடியாமல் தடுமாறுகிறாள். அவளோடு படித்தவர்களில் சிலர் சிட்னியில் இருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம் பன்னாட்டு நிறுவனங்கள். 1980-ல் ஆப்பிள் கார்க்குக்கு வந்தது, 1989-ல் இன்டெல் டப்ளினுக்கு மேற்கே லீக்ஸ்லிப்புக்கு வந்தது. 12.5 சதவீத நிறுவன வரி இன்னும் பலரை இழுத்தது. பெரிய நிறுவனங்களுக்கு 2024-லிருந்து அது 15 சதவீதம். ஆனால் ஊர்க்காரரின் கணக்கு வேறு: தொழிற்சாலை எங்கள் கவுன்டியில் வந்ததா, பக்கத்துக் கவுன்டியிலா? மேயோ கவுன்டியின் வெஸ்ட்போர்ட் என்ற சின்ன ஊரில்தான் உலகத்துக்குப் போடாக்ஸ் தயாராகிறது. பணக்காரர்களின் நெற்றிச் சுருக்கத்தை நீக்கி ஒரு கடலோர ஊர் பிழைக்கிறது. எதிர்ப்பக்கம் லிமரிக். 2009-ல் டெல் நிறுவனம் அங்கிருந்த உற்பத்தியைப் போலந்துக்கு மாற்றியபோது 1,900 வேலைகள் போயின. லிமரிக்காரர்கள் அதை இன்னும் தேதியோடு சொல்வார்கள்.

தேசப் பொருளாதாரப் புள்ளிவிவரங்களை ஐரிஷ்காரர் அவ்வளவாக நம்பாததற்கும் காரணம் இருக்கிறது. 2015-ல் நாட்டின் மொத்த உற்பத்தி ஒரே வருடத்தில் 26 சதவீதம் வளர்ந்ததாகக் கணக்கு வந்தது. எந்த ஊரிலும் யாருக்கும் அப்படி ஒரு வளர்ச்சி கண்ணில் படவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொத்துகளை ஏட்டில் அயர்லாந்துக்கு மாற்றிக்கொண்டதன் விளைவு அது. ஆப்பிள் கட்ட வேண்டிய 1,300 கோடி யூரோ வரியை 'எங்களுக்கு வேண்டாம்' என்று அரசே நீதிமன்றம் வரை போய் வாதாடியது. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றது. அந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்று கேட்டால் ஒவ்வொரு கவுன்டியும் ஒரு பாலமோ புறவழிச் சாலையோ சொல்லும்.

வேலையும் குழாயடி அரசியலும் முட்டிக்கொண்ட பெரிய நிகழ்ச்சி 2003 டிசம்பரில் நடந்தது. நிதியமைச்சர் சார்லி மெக்ரீவி பட்ஜெட் உரையில், 10,000-க்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை டப்ளினிலிருந்து எடுத்து 25 கவுன்டிகளில் 53 ஊர்களுக்கு அனுப்பப்போவதாக அறிவித்தார். ஊழியர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஊர்களில் ஒரே கொண்டாட்டம்: தங்கள் ஊருக்கு ஒரு அரசு அலுவலகம், அதோடு நூறு இருநூறு நிரந்தரச் சம்பளம்! டப்ளினில் வீடு வாங்கிக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்தவர்கள் நகர மறுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இடம் மாறியது. 2011-ல் திட்டத்தைக் கைவிட்டார்கள். எந்த ஊருக்கு எந்தத் துறை என்ற பட்டியலை நிர்வாகக் கண்ணால் பார்த்தால் தலை சுற்றும். தொகுதிக் கண்ணால் பார்த்தால் தெளிவாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை

இப்போது விளையாட்டு. ஜி.ஏ.ஏ. என்ற மூன்றெழுத்து தெரியாமல் அயர்லாந்தில் எதுவும் புரியாது. கேலிக் விளையாட்டுச் சங்கம். 1884 நவம்பர் 1 அன்று டிப்பரரி கவுன்டியின் தர்லஸ் ஊரில் ஒரு ஓட்டல் அறையில் தொடங்கியது. ஆங்கிலேயர் ஆட்டங்கள் பரவிக்கொண்டிருந்த காலத்தில், ஹர்லிங், கேலிக் கால்பந்து என்ற சொந்த ஆட்டங்களைக் காப்பாற்ற. ஹர்லிங்கைப் பார்த்ததில்லை என்றால் ஒருமுறை பாருங்கள்: ஆஷ் மர மட்டையால் சின்னத் தோல் பந்தை ஓடிக்கொண்டே அடிக்கிறார்கள். பந்து வலைக்குள் போனால் மூன்று புள்ளி, குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒன்று. அதனால் ஸ்கோரை 3-29 என்பது மாதிரி எழுதுவார்கள். 3 கோல், 29 புள்ளி, மொத்தம் 38. 2024-ல் கவுன்டிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டியில் கூடுதல் நேரத்தில் கிளேர் இந்த ஸ்கோரை எடுத்து, 1-34 எடுத்த கார்க்கை ஒரே ஒரு புள்ளியில் தோற்கடித்தது. அடுத்த வருடமும் கார்க் இறுதிக்கு வந்தது. இடைவேளையில் ஆறு புள்ளி முன்னிலை. கடைசியில் டிப்பரரியிடம் 15 புள்ளியில் தோல்வி! கார்க் கடைசியாகக் கோப்பை வாங்கியது 2005-ல். கார்க்காரர்களிடம் இதைப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வது நல்லது.

இந்தச் சங்கத்தின் அடித்தளம் பங்கு. பங்குக்கு ஒரு கிளப் என்பதுதான் பழைய வழக்கம். பிறந்த ஊர் கிளப்புக்கு ஆட வேண்டும், அதில் தேறினால் கவுன்டிக்கு. ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கும் பேச்சே இல்லை, ஏனென்றால் யாருக்கும் சம்பளம் கிடையாது. டப்ளினின் குரோக் பார்க்கில் 82,000 பேர் முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஆடியவர் திங்களன்றோ செவ்வாயன்றோ பள்ளியில் பாடம் எடுப்பார், அல்லது மாட்டுக்குத் தீவனம் போடுவார். வேலை டப்ளினில், கவுன்டி மேற்குக் கடற்கரையில் என்றால் வாரத்தின் நடுவில் மூன்று மணி நேரம் காரோட்டிப் பயிற்சிக்குப் போய்த் திரும்புவார். பெட்ரோல் செலவு கிடைக்கும். கவுன்டிச் சட்டை போட்டவருக்கு வேலை சுலபமாகக் கிடைக்கிறது என்று ஊரில் பொறாமையோடு சொல்வார்கள்.

அதனால்தான் இளைஞர்கள் வெளிநாடு போவது அங்கே பொருளாதாரச் செய்தியாக முதலில் வருவதில்லை. 'இந்த வருடம் பதினைந்து பேரைத் திரட்ட முடியவில்லை' என்றுதான் வரும். ஹர்லிங் அணிக்கும் கால்பந்து அணிக்கும் பதினைந்து பேர் வேண்டும். சின்னப் பங்குகள் பக்கத்துப் பங்கோடு சேர்ந்து ஒரே அணியாக ஆட வேண்டிய நிலை வரும்போது, இருநூறு வருடப் பகையை மடித்து வைக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கூட்டம் எந்தக் கூட்டணிப் பேச்சுவார்த்தையை விடவும் கடினமானது.

அரசியல்வாதிகள் இதற்குள் இல்லாமல் இருப்பார்களா? கார்க்கைச் சேர்ந்த ஜாக் லிஞ்ச் 1941 முதல் 1946 வரை ஆறு வருடம் தொடர்ந்து அகில அயர்லாந்துப் பதக்கம் வாங்கியவர், ஐந்து ஹர்லிங்கில், ஒன்று கால்பந்தில். அப்புறம் 1966-ல் பிரதமர் ஆனார். டப்ளின் கால்பந்து அணியை 2015 முதல் 2019 வரை தொடர்ந்து ஐந்து முறை ஜெயிக்க வைத்த மேலாளர் ஜிம் கேவினை ஃபியன்னா ஃபாயில் 2025 குடியரசுத் தலைவர் தேர்தலில் நிறுத்தியது. பிரச்சாரம் நடக்கும்போதே அவர் விலகிக்கொண்டார். பெயர் மட்டும் வாக்குச்சீட்டில் நின்றது. ஆடுகளப் புகழ் எல்லாக் கதவையும் திறந்துவிடாது போலிருக்கிறது.

2024 ஜனவரியில் கார்க் மைதானமான பார்க் ஈ கீவ் பெயரை ஒரு பல்பொருள் அங்காடியின் பெயருக்கு மாற்ற யோசனை வந்தது. மைதானத்தைப் புதுப்பித்த கடன் கழுத்தைப் பிடித்தது. விளம்பரப் பணம் தேவைப்பட்டது. அப்போதைய துணைப் பிரதமர் மைக்கால் மார்ட்டின், அவர் கார்க்காரர், வெளிப்படையாக எதிர்த்தார். கடைசியில் அங்காடியின் பெயர் முன்னால், பழைய பெயர் பின்னால் என்று சமரசம் ஆனது. துணைப் பிரதமருக்கு வேறு வேலை இல்லையா என்று கார்க்கில் யாரும் கேட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

மற்ற ஆட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரக்பி டப்ளினில் வசதியான பள்ளிகளின் ஆட்டம். லிமரிக்கில் மட்டும் கூலிக்காரர் மகனும் ஆடுவார். வடக்கும் தெற்கும் சேர்ந்து ஒரே அணி. சாக்கர் நகரத் தெருக்களின் ஆட்டம். உள்ளூர் லீக்கை விட்டுவிட்டு லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட் என்று அடித்துக்கொள்வார்கள். 2002 உலகக் கோப்பைக்கு முன்னால் சாய்பான் தீவில் கேப்டன் ராய் கீன் பயிற்சியாளரோடு சண்டை போட்டு, ஆடாமலே ஊர் திரும்பினார். யார் பக்கம் நியாயம் என்று இன்றும் குடும்பங்கள் பிரிந்து நிற்கின்றன. கீன் கார்க்காரர். கார்க் எந்தப் பக்கம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நீங்கள் அங்கே குடியேறினால்

அயர்லாந்தில் வேலைக்குப் போயிருக்கும் பல தமிழர்களுக்கு இது தெரிவதில்லை: உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை தேவையில்லை. பதினெட்டு வயதும், அங்கே வசிப்பதும் போதும். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். வேட்பாளராகவும் நிற்கலாம். கேரளத்திலிருந்து போன பேபி பெரேப்பாடன் 2024-ல் தெற்கு டப்ளின் கவுன்டியின் மேயர் ஆனார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உங்கள் வாசலுக்கும் ஒருவர் துண்டறிக்கையோடு வருவார். உங்கள் முதல் வாக்கு வேறு ஒருவருக்கு என்று சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டார்; இரண்டாவதைக் கேட்பார்.

பேச்சுக்குப் பழக இன்னும் ஒன்று. 'மோசமில்லை' என்று ஐரிஷ்காரர் சொன்னால் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். 'கிராண்ட்' என்றால் பிரமாதம் இல்லை. சரி, பரவாயில்லை, விடு. தன்னைத் தானே புகழ்வது அங்கே பெரிய குற்றம். பதவி உயர்வு கிடைத்தவர் அதிர்ஷ்டம் என்பார். அரசாங்கத்தைத் திட்டும்போது நீங்களும் கூடச் சேர்ந்து திட்டலாம். ஆனால் அவர் தன் கவுன்டியைத் திட்டும்போது சும்மா கேட்டுக்கொண்டிருங்கள். அவருக்கு மட்டும்தான் அந்த உரிமை.

எந்தக் கவுன்டிக்கு நீங்கள் ஆதரவு என்று நிச்சயம் கேட்பார்கள். எங்கே வாடகைக்கு இருக்கிறீர்களோ அதைச் சொல்லிவிடுங்கள், ஏற்றுக்கொள்வார்கள். பிள்ளைகளைச் சனிக்கிழமை காலை உள்ளூர் கிளப்பில் விட்டால் பாதி வேலை முடிந்தது. ஈராக்கில் அகதி முகாமில் பிறந்து 2002-ல் அயர்லாந்துக்கு வந்த ஸாக் மொராடி என்ற குர்து பையன், லீட்ரிம் கவுன்டிக்கு ஹர்லிங் ஆடும் அளவுக்கு வளர்ந்தார்.

மேயோவில் குடியேறினால் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை. அந்தக் கவுன்டி கால்பந்துக் கோப்பையைக் கடைசியாக வாங்கியது 1951-ல். வெற்றியோடு லாரியில் வந்த அணி ஃபாக்ஸ்ஃபோர்டில் ஒரு சாவு ஊர்வலத்தைக் கடக்கும்போது இறங்கி மரியாதை செய்யவில்லை, அந்த அணியில் ஒருவர் உயிரோடு இருக்கும் வரை கோப்பை வராது என்று பாதிரியார் சபித்துவிட்டார் என்று கதை. 1989-லிருந்து 2021-க்குள் பதினொரு இறுதிப் போட்டிகளில் தோற்றார்கள். அந்த அணியின் கடைசி ஆட்டக்காரர் 2021-ல் காலமானார், சாபம் தீர்ந்தது என்றார்கள். அதற்கடுத்த நான்கு வருடங்களில் கெர்ரி, டப்ளின், அர்மா, மறுபடி கெர்ரி. மேயோவில் யாராவது இதைப் பற்றிப் பேச்செடுத்தால் தலையை ஆட்டுங்கள். வருடத்தை நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.